மேலதிகாரிக்கும் சக ஊழியருக்கும் உறவு: நடுவில் வேலை பார்ப்பவர் கவனிக்க வேண்டியவை

புது ஆபீஸில் சேர்ந்து இரண்டாவது வாரம் முடிவதற்குள் யாராவது ஒருவர் உங்களை டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "உனக்கு விஷயம் தெரியாதுல்ல?" என்று ஆரம்பிப்பார். ஜி.எம்.முக்கும் சாம்பிளிங் செக்‌ஷன் பெண்ணுக்கும் ஏதோ இருக்கிறது, இருவரும் ஒரே காரில் போகிறார்கள், போன வருஷ இன்க்ரிமென்ட் யாருக்குப் போனது தெரியுமா என்று கதை நீளும். கேட்டு முடிக்கும்போது டீ ஆறியிருக்கும். நீங்கள் கேட்காமலேயே ஒரு ரகசியத்தில் பங்காளி ஆகியிருப்பீர்கள்.

இது அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு. திருப்பூர், கோவை, சென்னை போன்ற ஊர்களில் இருபது முதல் முந்நூறு பேர் வரை வேலை செய்யும் தனியார் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது. மேலதிகாரி ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இருப்பதே இங்கே அதிகம் என்பதால் உதாரணங்களும் அப்படியே வருகின்றன. மாறி இருந்தாலும் பெரும்பாலான படிகள் பொருந்தும். எங்கே பொருந்தாது என்பது அந்தந்த இடத்தில் வரும்.

முதலில்: இது எந்த வகை?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே மூன்று வேறு விஷயங்கள் உண்டு. இருவரும் விரும்பிப் பழகுகிறார்கள், வேலையில் அதன் நிழல்கூட விழவில்லை என்றால் உங்களுக்கு அங்கே செய்ய எதுவுமில்லை. இருவரும் விரும்பித்தான் பழகுகிறார்கள், ஆனால் டூட்டி லிஸ்ட், அப்ரைசல், பில் எல்லாம் கோணலாகப் போகின்றன என்றால் அது நிர்வாகப் பிரச்சினை. அந்தப் பெண்ணுக்கு விருப்பமே இல்லை, வேலை போய்விடும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அது பாலியல் துன்புறுத்தல். அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் பெரிய தவறு, இரண்டாவதை மூன்றாவதாக நினைத்துப் புகார் எழுதுவது. அல்லது மூன்றாவதை முதலாவதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போவது. எது எது என்று ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடாது. அவசரப்பட வேண்டாம்.

"கல்யாணமானவர் இன்னொருத்தரோட பழகறது குற்றம், போலீஸ்ல சொல்லலாம்" என்று கேன்டீனில் அடித்துச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தப்பு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்துவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் இல்லை. விவாகரத்துக்கு அது காரணமாகலாம். அந்த வழக்கைத் தொடுக்க வேண்டியவர் அவருடைய மனைவி.

சட்டம் தடுக்காததைக் கம்பெனி விதி தடுக்கலாம். இன்டெல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பிரையன் கிர்சானிச் 2018 ஜூனிலும், மெக்டொனால்ட்ஸின் ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் 2019 நவம்பரிலும், நெஸ்லேயின் லாரன்ட் ஃப்ரெய்க்ஸ் 2025 செப்டம்பரிலும் பதவி இழந்தது ஊழியரோடு இருந்த உறவால்தான். அங்கெல்லாம் அவர்களுக்கு மேலே ஒரு இயக்குநர் குழு இருந்தது. உங்கள் கம்பெனியில் மேலே யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஜி.எம்.முக்கு மேலே எம்.டி. இருந்தால் ஒரு வழி. எம்.டி.யே சம்பந்தப்பட்டவர் என்றால் வேறு வழி. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு கொடுத்த நடத்தை விதிப் புத்தகம் இருந்தால் எடுத்து, "நலன் முரண்" என்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள். உறவைத் தெரிவிக்க வேண்டும், ஒருவர் மற்றவருக்கு அப்ரைசல் போடக்கூடாது என்று இருந்தால் அங்கேதான் இருக்கும். நம்மூர்ச் சின்னக் கம்பெனிகளில் அந்தப் புத்தகமே பெரும்பாலும் இருக்காது.

வாயையும் போனையும் கட்டுங்கள்

டீக்கடையில் ஆரம்பிப்பவரை முகத்தில் அடித்தாற்போல் நிறுத்த முடியாது. அவர் சீனியர், நாளைக்கு அவரிடம்தான் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். பேச்சை மாற்றிவிடலாம். "அப்படியாக்கா, நான் கவனிக்கல. அந்த டிரிம்ஸ் பி.ஓ. வந்துடுச்சுங்களா?" இப்படி இரண்டு தடவை சொன்னால் மூன்றாவது தடவை உங்களைக் கூப்பிட மாட்டார்கள். "ஆமாக்கா, நானும் பார்த்தேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று சாயங்காலமே "புதுசா வந்த பையனே பார்த்திருக்கான்" என்று கதையில் நீங்கள் சாட்சி ஆகிவிடுவீர்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சிரிப்புப் பொம்மைகூடப் போடாதீர்கள். பெரிய சாரை விட்டுவிட்டுத் தனியாக ஆரம்பித்த குரூப்பாக இருந்தாலும் அதில் யாராவது ஒருவர் அவருக்கு நெருக்கமானவராக இருப்பார். ஸ்கிரீன்ஷாட் போய்ச் சேர ஐந்து நிமிஷம் போதும். பார்க்கிங்கில் இருவரையும் போட்டோ எடுப்பது அதைவிட மோசம். அதை எங்கே காட்டினாலும் முதல் கேள்வி "நீ எதுக்கு எடுத்தே?" என்பதுதான். அவதூறுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் அவர் வந்து உட்கார்ந்ததும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகும் வழக்கம் பல ஆபீஸ்களில் உண்டு. செக்கில் கையெழுத்துப் போடுபவருக்கு எல்லோரும் வணக்கம் வைப்பார்கள். பழி முழுக்க இந்தப் பக்கம் விழும். அது நியாயமில்லை என்பது ஒரு பக்கம். நாளைக்கு இது மூன்றாவது வகை என்று தெரியவந்தால், பேசுவதற்கு அவருக்கு ஒரு ஆள் வேண்டும். எல்லோரிடமும் எப்படியோ அப்படியே அவரிடமும் இருங்கள்.

வேலையைத் தொடுகிறதா என்று பாருங்கள்

இதற்கு ஒரு சோதனை உண்டு. அந்த இருவருக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உங்களுக்கு நடந்தது தப்பாகத் தெரிகிறதா? தெரிந்தால் கையில் எடுக்கலாம். "அவங்களுக்குள்ள அது இருக்கறதாலதான் இது தப்பு" என்று மட்டுமே சொல்ல முடிந்தால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் அதை நிரூபிக்க உங்களால் முடியாது, நிரூபிக்க வேண்டிய வேலையும் உங்களுடையது அல்ல.

அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கம்பெனி லேப்டாப்பிலோ கம்பெனி மெயிலிலோ எழுத வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து கட்டம்: தேதி, நேரம், என்ன நடந்தது, எனக்கு எப்படித் தெரியும், எந்தக் காகிதத்தில் இருக்கிறது. பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

"இன்னைக்கும் அவளுக்கு லீவு. என்னை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்றார். எதுக்குன்னு ஊருக்கே தெரியும்."

இதை எவரிடமும் காட்ட முடியாது. இதே விஷயத்தை எழுத வேண்டிய முறை:

"மார்ச் 12, காலை 10.20. வரும் ஞாயிறு, 16-ம் தேதி, ஷிப்மென்ட் பேக்கிங்குக்கு வரச் சொல்லி சார் நேரில் சொன்னார். இந்த மாதம் 2, 9, 16 என்று மூன்றாவது ஞாயிறு. செக்‌ஷனில் இருப்பது இரண்டு பேர்; மற்றவர் பெயர் மூன்று லிஸ்டிலும் இல்லை. லிஸ்ட் செக்யூரிட்டி மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. மாற்று விடுப்பு இதுவரை தரவில்லை."

இதில் உறவு பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நோட்டு தொலைந்துபோய் அவர் கையிலேயே கிடைத்தாலும் உங்களுக்கு ஆபத்தில்லை. அன்றன்றைக்கு எழுதுங்கள், மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே கோபம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கம்பெனி மெயில்களை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். ஆதாரம் சேர்க்கிறோம் என்று நினைத்துச் செய்வார்கள். "கம்பெனித் தகவலை வெளியே கடத்தினார்" என்று அதையே வைத்து வேலையிலிருந்து நீக்குவார்கள். மெயிலின் தேதி, நேரம், தலைப்பு வரி மூன்றையும் நோட்டில் குறித்தால் போதும், விசாரணை வந்தால் அந்த மெயிலைக் கேட்டு வாங்கலாம். உங்கள் பெயரில் வந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம் இவற்றின் நகல் வீட்டில் இருப்பதில் தவறில்லை.

"சார் சொல்லச் சொன்னார்"

நடைமுறையில் அதிகம் தலைவலி தருவது இதுதான். உங்களுக்குச் சமமான பதவியில் இருக்கும் ஒருவர் வந்து, "பையருக்கு (ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளருக்கு) அந்த சாம்பிளை இன்னைக்கே கூரியர்ல போட்டுடுங்க, சார் சொல்லச் சொன்னார்" என்பார். போடவில்லை என்றால் சாரிடம் போகும். போட்டபின் தப்பானால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று சார் சொல்வார். இரண்டு பக்கமும் அடி உங்களுக்கு.

வந்தவரிடம் வாதாடாதீர்கள். "சரிங்க மேடம், செஞ்சுடறேன்" என்று சொல்லிவிட்டு, செய்வதற்கு முன்னால் சாருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "சார், ஸ்டைல் நம்பர் இது, இரண்டு சாம்பிள் இன்று மாலை கூரியரில் போகிறது. சைஸ் செட் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அனுப்பலாமா?" யார் வந்து சொன்னார் என்று எழுத வேண்டாம். பதில் வந்தால் உத்தரவு அவருடையது. பதில் வராமல் கூரியர் நேரம் நெருங்கினால் நேரில் அல்லது போனில் ஒரு தடவை கேட்டுவிட்டு, "போனில் சொன்னபடி 5.40-க்கு அனுப்பிவிட்டேன் சார்" என்று அடுத்த வரி. மெயில் பழக்கம் இல்லாத கம்பெனி என்றால் வாட்ஸ்அப்பில் அவருடைய நம்பருக்கே. குரூப்பில் கேட்டால் அவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தியதாக ஆகும்.

இதை எல்லா உத்தரவுக்கும், எல்லோர் மூலம் வரும் உத்தரவுக்கும் செய்யுங்கள். அந்த ஒருவர் சொன்னால் மட்டும் உறுதி கேட்டால் இரண்டே வாரத்தில் காரணம் புரிந்துவிடும். எல்லோருக்கும் செய்தால், "பையன் எதுக்கும் எழுத்துல கேட்பான்" என்று பெயர் வரும். அது நல்ல பெயர்.

வீட்டிலிருந்து போன் வந்தால்

ரிசப்ஷன், டிரைவர், பி.ஏ. இந்த மூன்று இடங்களில் இருப்பவர்கள் இதிலிருந்து தப்பவே முடியாது. மதியம் மூன்று மணிக்கு லேண்ட்லைன் அடிக்கும். "நான் சார் வீட்டுல இருந்து பேசறேன். சார் மீட்டிங்ல இருக்காரா?"

மீட்டிங் என்றால் பொய். இன்னாரோடு வெளியே போனார் என்றால் தீ. இரண்டும் வேண்டாம், உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "இல்லைங்க மேடம், சார் இப்போ சீட்ல இல்லைங்க. நீங்க கூப்பிட்டீங்கன்னு உடனே சொல்லிடறேங்க." "எங்கே போனார்?" என்று அடுத்து வரும். "என்கிட்ட சொல்லலைங்க மேடம்" என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பிறகு மறக்காமல் அவருக்குச் செய்தி அனுப்புங்கள்: "மேடம் 3.05-க்குக் கூப்பிட்டார்கள். சீட்டில் இல்லை என்று சொன்னேன்." நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது அவருக்குத் தெரிந்தால்தான் வீட்டில் அவர் வேறு கதை சொல்லி இரண்டும் மோதாது. மோதினால் பொய் சொன்னது நீங்கள் என்றுதான் முடியும்.

"வீட்டுல கேட்டா நான் சென்னை போயிருக்கேன்னு சொல்லிடு" என்று அவரே சொன்னால்? முதல் தடவையிலேயே மறுத்துவிடுவது சுலபம். "சார், மேடம் கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன் சார். நான் ஏதாவது சொல்லி மாத்திச் சொல்லிடுவேன்." இதை மரியாதையாகவும் கொஞ்சம் அசட்டுத்தனமாகவும் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. நான்கு தடவை பொய் சொல்லிவிட்டு ஐந்தாவது தடவை மறுப்பவருக்குத்தான் ஆபத்து.

பில்லும் வவுச்சரும்

அக்கவுன்ட்ஸில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி, ஆனால் அவர்களுக்கு இதுதான் முக்கியம். ஏற்காட்டிலோ புதுச்சேரியிலோ இரண்டு நாள் தங்கிய ஹோட்டல் பில், கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பரோடு உங்கள் மேஜைக்கு வரும். "பையர் மீட்டிங்னு போட்டுடு" என்று சொல்வார்கள். எந்த பையர் என்று ஆடிட்டர் கேட்கும்போது சொல்ல உங்களிடம் பெயர் இருக்காது.

முதலாளியே செலவு செய்தவர் என்றால் சண்டையே தேவையில்லை. "டிராயிங்ஸ்ல போட்டுடலாமா சார்?" என்று கேளுங்கள். தனி உரிமை அல்லது பார்ட்னர்ஷிப் நிறுவனத்தில் அவர் பணத்தை அவர் எடுத்ததாகக் கணக்கு நேராகிவிடும். பிரைவேட் லிமிடெட் என்றால் டைரக்டர் கணக்கில் பற்று எழுத வேண்டும். எப்படிப் போட்டாலும் அந்தப் பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (பில்லில் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்காதீர்கள். தனிப்பட்ட உபயோகத்துக்கான செலவுக்கு அது கிடையாது என்று சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. இதை வரி விஷயமாகச் சொன்னால் எந்த முதலாளியும் கேட்டுக்கொள்வார்.

செலவு செய்தவர் முதலாளி இல்லை, சம்பளம் வாங்கும் மேனேஜர் என்றால் அது கம்பெனிப் பணம். வவுச்சரில் "செலவின் நோக்கம்" என்ற இடத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். அவர் கையாலேயே எழுதி அவரே கையெழுத்துப் போடட்டும். உங்கள் கையெழுத்து "சரிபார்த்தவர்" கட்டத்தில் போக வேண்டுமானால் பக்கத்தில் "பில் தொகை மட்டும் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிப் போடுங்கள். இந்த ஒரு வரியால் பலர் வேலை தப்பியிருக்கிறது.

வாய் திறக்கும் நேரம்

நோட்டில் ஒரே மாதிரி மூன்று பதிவு சேர்ந்தபின் பேசலாம். முதலில் சம்பந்தப்பட்ட மேலதிகாரியிடமே. அவரைத் தாண்டி மேலே போனால் "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்ற ஒரே கேள்வியில் உங்கள் பக்கம் விழுந்துவிடும். காலையில், அவர் தனியாக இருக்கும்போது, பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். பேசிய அன்றே மெயிலும் போட்டுவிடுங்கள். மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு மெயில் இவ்வளவுதான்:

"சார், இந்த மாதம் 2, 9, 16 ஆகிய மூன்று ஞாயிறும் ஷிப்மென்ட் டூட்டிக்கு வந்தேன். அடுத்த மாதத்திலிருந்து செக்‌ஷனில் உள்ள இருவருக்கும் மாற்றி மாற்றி டூட்டி போட வேண்டுகிறேன். வேலை செய்த மூன்று நாளுக்கும் மாற்று விடுப்பு எப்போது எடுக்கலாம் என்று தெரிவிக்கவும்."

மற்றவர் பெயர் இல்லை, "ஏன்" என்ற சொல் இல்லை. அவரும் உள்ளுக்குள் பயத்தோடுதான் இருப்பார். பேச்சு அந்தப் பக்கம் போகாது என்று தெரிந்தால் கேட்டதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார். பாதிக்கு மேற்பட்ட பிரச்சினைகள் இந்த மெயிலோடு தீர்ந்துபோகும்.

ஐந்து வேலை நாளில் பதில் இல்லை என்றால் ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லை என்றால் ஹெச்.ஆர்., அல்லது அவருக்கு மேலே இருப்பவர். அப்ரைசல் விஷயமாக இருந்தால் "எனக்கு நியாயம் வேண்டும்" என்று கேட்காதீர்கள். செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: மார்க் போடும்போது இன்னொரு மேனேஜரும் கூட இருக்கட்டும், அல்லது ரிப்போர்ட்டிங் வேறு ஒருவருக்கு மாறட்டும். சின்னக் கம்பெனிகளில் ஹெச்.ஆர். என்பவர் முதலாளியின் மச்சானாகவோ பழைய கணக்குப்பிள்ளையாகவோ இருப்பார். அவரிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் மாடிக்குப் போய்விடும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். சொல்ல வேண்டியதை எழுதிக் கொண்டுபோய்ப் படித்தால் கூடுதலாக எதுவும் வாயில் வராது.

கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நம்மூரில் இன்னும் ஒழியவில்லை. எழுதியது நீங்கள் இல்லை என்றாலும், டூட்டி லிஸ்ட் பற்றி மெயில் போட்டவர் நீங்கள் என்பதால் சந்தேகம் உங்கள்மேல்தான் வரும். அந்த யோசனை யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விருப்பமில்லாத உறவு என்றால்

இங்கே எல்லாம் மாறுகிறது. 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிமுறைகளிலிருந்து வளர்ந்து, 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். போஷ் சட்டம் என்று ஆபீஸ்களில் சொல்வது இதைத்தான். பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் மூத்த பதவியில் உள்ள பெண். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள். வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர் போன்ற ஒருவர் கட்டாயம். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். உறுப்பினர் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்துக் குறித்துவையுங்கள். பிரச்சினை வந்தபின் போர்டு முன்னால் நின்று எழுதினால் நாலு பேர் பார்ப்பார்கள்.

பத்துப் பேருக்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ உள்ளகக் குழு அல்ல, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழு. தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம். அவசரத்துக்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.

நீங்கள் அந்தப் பெண்ணின் சக ஊழியர் என்றால் அவர் பெயரில் நீங்களாகவே புகார் கொடுத்துவிடக் கூடாது. புகார் அவருடையது. உடல்நிலையாலோ மனநிலையாலோ அவரால் முடியாத நிலையிலும், வேறு காரணத்தால் முடியாதபோது அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடும் மற்றவர் கொடுக்க விதிகள் இடம் தருகின்றன. உங்களால் முடிந்தது, கெடுவை அவருக்குச் சொல்வது: கடைசியாகச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆறு நகல் வேண்டும், ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு. அழித்துவிட்டால் மனம் லேசாகும் என்று மெசேஜ்களை அழிப்பவர்கள் அதிகம். அழிக்க வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள்.

அதன்பின் நடப்பது இது. ஏழு வேலை நாளில் எதிர்த்தரப்புக்கு நகல் போகும். அவர் பத்து வேலை நாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அறிக்கை அடுத்த பத்து நாளில், அதன்மேல் நடவடிக்கை 60 நாளில். இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. நடுவில் பெண் எழுதிக் கேட்டால் இருவரில் ஒருவரை இடம் மாற்றவும், மூன்று மாதம் வரை விடுப்பு தரவும், அவருக்கு அந்த மேலதிகாரி அப்ரைசல் எழுதாமல் தடுக்கவும் குழு பரிந்துரைக்கலாம். சமரசமும் உண்டு, ஆனால் பணம் கொடுத்து முடிப்பதற்கு அனுமதியில்லை. நீங்கள் சாட்சியாகப் போனால் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும் சொல்லுங்கள். விசாரணை விவரத்தை வெளியே சொன்னால் 5,000 ரூபாய் அபராதம். நிரூபிக்க முடியாமல் போனால் பெண்ணைத் தண்டிப்பார்கள் என்று பயமுறுத்துவார்கள். தெரிந்தே பொய்யாகக் கொடுத்த புகாருக்குத்தான் நடவடிக்கை. ஆதாரம் போதவில்லை என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது என்று சட்டமே சொல்கிறது.

இதோடு, வேலையோ பதவி உயர்வோ தருவதாகப் பொய் வாக்குக் கொடுத்து உடலுறவு கொள்வதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. பத்து ஆண்டு வரை சிறை. அது காவல் நிலையப் பாதை. குழுவுக்குப் போனவர் அங்கே போகக் கூடாது என்று இல்லை.

கவனிக்க வேண்டிய காலம் ஒன்று இருக்கிறது: உறவு முறிந்த அடுத்த சில மாதங்கள். ஒரு காலத்தில் இருவரும் விரும்பிப் பழகியிருக்கலாம். அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னபிறகு ராத்திரி போன், திடீர் டிரான்ஸ்ஃபர், தரக்குறைவான அப்ரைசல் என்று ஆரம்பித்தால், "முன்னாடி நீயும்தானே" என்ற வாதம் புகாரைத் தடுக்காது. ஆபீஸ் மொத்தமும் "அவங்களுக்குள்ள சண்டை" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது சரியாக இந்த நேரத்தில்தான்.

சலுகை கிடைக்காத மற்றப் பெண்களுக்கு ஒரு விஷயம். "அவளுக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை" என்பது மட்டும் இருந்தால் போஷ் சட்டத்தில் நிற்பது கடினம். "நீயும் அனுசரிச்சுப் போனா உனக்கும் கிடைக்கும்" என்ற சாடை ஒரு தடவை வந்தாலும் அது சட்டத்துக்குள் வந்துவிடும். அந்த வார்த்தையை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். ஆண்கள் இந்தச் சட்டத்தில் புகார்தாரராக முடியாது. அவர்களுக்குக் கம்பெனியின் குறைதீர்ப்பு வழியும் நடத்தை விதியும்தான்.

கிளம்புவதென்று முடிவானால்

சம்பந்தப்பட்டவர் முதலாளியே, கேட்டுப் பார்த்தும் எதுவும் மாறவில்லை, உங்கள் வளர்ச்சி நின்றுவிட்டது என்றால் வேறு வேலை தேடுவது தோல்வி இல்லை. ஆனால் கோபத்தில் ராஜினாமா எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தால் ரிலீவிங் லெட்டர் கிடைக்க நாயாய் அலைய வேண்டும். புது ஆர்டர் கையில் வந்தபின், நோட்டீஸ் பீரியட் முழுதும் இருந்து, ஒப்படைத்த வேலைக்கு லிஸ்ட் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்ற இரண்டு சொல் போதும். துன்புறுத்தல் காரணமாகப் போகிறவர் மட்டும் அப்படி எழுதக்கூடாது. அவர் உண்மையான காரணத்தை எழுத வேண்டும், இல்லையென்றால் பிற்பாடு அந்தக் கடிதத்தையே காட்டுவார்கள்.

எக்ஸிட் இன்டர்வியூவில் "இப்பவாவது மனசு விட்டுச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். டூட்டி லிஸ்ட் பற்றிச் சொல்லலாம், கார் பற்றிச் சொல்ல வேண்டாம். புது இடத்தில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "இன்னும் பெரிய ஆர்டர் பார்க்கணும்னு வந்தேன் சார்" போதும். பழைய முதலாளியின் கதையைச் சொல்பவர் நாளைக்கு நம் கதையையும் சொல்வார் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

கிளம்பும் முன் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இவற்றை வாங்கிவிடுங்கள். பி.எஃப். யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கணக்கில் உங்கள் சொந்த போன் நம்பர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஆபீஸ் நம்பராக இருந்தால் போனபின் ஓ.டி.பி. அவர்களுக்குத்தான் போகும். வேலையை விட்ட தேதியை அவர்கள் பதியாமல் இழுத்தடித்தால் காலில் விழ வேண்டாம். கடைசி பி.எஃப். தொகை கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தபின் அந்தத் தேதியை யு.ஏ.என். இணையதளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம்.